மம்பெத்குலுக்குப் பதினொன்று

சூசமிர் கணவாய் ஏறும் லாரிகள் எல்லாம் அடிவாரத்தில் என் டயர் கடையில் நின்றுதான் போகும். மேலே போகப் போக வெளிக்காற்று மெலியும், டயர் விறைக்கும். அதனால் ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். முப்பது வருஷமாக இறக்குகிறேன். காற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மம்பெத்குல் தெற்கே ஓஷ் ஊருக்கு மாவு ஏற்றிப் போகிறவன். வீடு கணவாய்க்கு அந்தப் பக்கம். எருதுக் கழுத்து. பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கத்தில் தலை தொங்கிவிடும். கணவாய் ஏறும்போது எனக்குப் போன் போட்டு, "டேய் சகின், எதையாவது திட்டிக்கிட்டே இரு" என்பான். உச்சியில் சுரங்கப்பாதை வரும் வரை நான் கத்திக்கொண்டிருப்பேன். போன மார்ச்சில் நான் போனை எடுக்கவில்லை. லாரி சாலையோரப் பனிமேட்டில் குத்தி நின்றது. இன்னும் நாலு முழம் தள்ளிப் போயிருந்தால் பள்ளம். லாரி முதலாளிகள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார்கள். ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

நகரத்து ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் வயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தோரு தடவை மூச்சு நிற்கிறதாம். காற்று ஊதும் பெட்டி ஒன்றைக் கொடுத்து, மூக்கில் மாட்டும் மூடியையும் கொடுத்து, அழுத்தம் பதினொன்று என்று வைத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் நகரத்தில் மகள் வீட்டில் தூங்கினான். ஊருக்குத் திரும்பும் வழியில் என் கடையில் இறங்கினான். முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"இருபது வருஷம் கழிச்சு கனவு வந்துச்சுடா."

"என்ன கனவு?"

"நீ ஒரு செம்மறிக்கு டயர் மாட்டிக்கிட்டிருந்தே."

சிரித்து முடித்ததும் பெட்டியை என் மேஜைமேல் வைத்தான். "இப்ப மேல ஏறப்போறேன். இதுலயும் கொஞ்சம் எறக்கணுமோ?"

"பின்னே? நகரத்து நம்பரு நகரத்துக்கு" என்றேன். பொத்தான்களை மாற்றி மாற்றி அமுக்கினேன். இரண்டை ஒன்றாக அமுக்கியதும் உள்பட்டியல் திறந்தது. பதினொன்றை எட்டாக்கினேன்.

பத்து நாளில் அவன் மனைவி புருல்ச்சா போன் செய்தாள்.

"அண்ணே, மறுபடியும் குறட்டை ரம்பம் ஓட ஆரம்பிச்சிருச்சு. டீக் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டே தூங்குறார். பெட்டியைத் தூக்கி ஆட்டுப் பட்டியில போடப்போறேங்கிறார்."

"போட விடாதே. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நானே கூட்டிப்போறேன்."

பதினொன்று வைத்துக் கொடுத்த டாக்டர் சினார் சின்னப் பெண். பெட்டி பதிந்து வைத்திருந்ததைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். முதல் வாரம் மணிக்கு நாலு. அப்புறம் இருபத்தேழு.

"யாரு கை வச்சது?"

மம்பெத்குல் கூரையைப் பார்த்தான். "நான்தான்" என்றேன். டயர் கதையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு குழாயைக் கொடுத்தாள்.

"பதினொரு சென்டிமீட்டர் ஆழத்துல வச்சு ஊதுங்க, அண்ணே."

ஊதினேன். கொஞ்சம் தம் பிடித்ததும் குமிழி வந்தது.

"இவ்வளவுதான் பதினொண்ணு. உங்க லாரி டயர்ல இருக்கிறதுல எழுநூத்துல ஒரு பங்குகூட இல்ல. டயர்ல காத்தை அடைச்சு மூடிடுறீங்க, அதனால மேல போனா விறைக்குது. இது ஒரு பக்கம் தொறந்த குழாய். உள்ள விசிறி சுத்திச் சுத்தித் தள்ளிக்கிட்டே இருக்கணும். மேல காத்து மெலிசு, அதனால விசிறி இன்னும் வேகமாச் சுத்தினாத்தான் அதே பதினொண்ணு கெடைக்கும்."

"அப்ப நான் கொறச்சது..."

"தூங்கும்போது இவரு தொண்டை நனைஞ்ச கூடாரம் மாதிரி சாயுது. காத்துதான் அதைத் தூக்கிப் பிடிக்கிற கம்பு. நீங்க கம்பை வெட்டிட்டீங்க." மம்பெத்குல் பக்கம் திரும்பினாள். "வீடு எவ்வளவு உயரத்துல?"

"சூசமிர்ல. ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல."

"அதை நானும் மொதல்லயே கேட்டிருக்கணும். நகரம்னு நெனச்சிட்டேன். பழைய பெட்டி, உயரத்தை நாமதான் சொல்லணும்."

எட்டை மறுபடி பதினொன்றாக்கினாள். உயரத்துக்கென்று இருந்த இன்னொரு அளவையும் ஏற்றினாள். படுத்த உடனே முகத்தில் அடிக்காமல் ஐந்தில் தொடங்கி இருபது நிமிஷத்தில் பதினொன்றுக்குப் போகும்படி வைத்தாள்.

மம்பெத்குல் சீட்டை நீட்டினான். "கையெழுத்து, டாக்டரம்மா?"

"இருபத்தேழோட போடவா? எதிர்ல வர்ற பஸ்ல நாப்பது பேரு இருப்பாங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க."

வழி முழுக்க ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தான். கடை வாசலில் இறங்கும்போது, "உன்னைத் திட்டக்கூடத் தூக்கம் விடமாட்டேங்குது" என்றான். அதைவிட அவன் அறைந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அவன் தனியாகத்தான் நகரம் போனான். நான் வாசலையே பார்த்துக்கொண்டு ஒரே டியூபை இரண்டு முறை ஒட்டினேன். சாயங்காலம் லாரியின் ஹாரன் கேட்டது. ஸ்டியரிங்கில் அவன். பக்கத்து இருக்கையில் பெட்டி, அதற்கு சீட் பெல்ட் வேறு.

"மூணு!" என்று கத்தினான். "மணிக்கு மூணே தடவை! சீட்டு கெடச்சிருச்சு, சாவியும் கெடச்சிருச்சு."

டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். எழுந்தபோது அவன் பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வெளியில ஆறு சக்கரம். அதோட நிறுத்திக்கோ."

"போடா."

அவன் ஏறத் தொடங்கியதும் பழக்க தோஷத்தில் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். முதல் வளைவு தாண்டியிருப்பான், மூன்றாவது தாண்டியிருப்பான். போன் அடிக்கவில்லை. டீ ஆறிப்போனது. ஒரு மணி நேரம் கழித்து அடித்தது.

"திட்டே இல்லாம தாண்டிட்டேன்டா. சுரங்கத்துக்கு எங்க ஊர்ப் பக்கம் நிக்கிறேன். என்ன, தூங்கிட்டியா?"

"இல்ல" என்றேன். ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.