ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அம்மாவுக்குப் பொறாமை வந்தால் கீரைக் கட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நார் இறுகித் தண்டு நசுங்கியிருக்கும். நாங்கள் இந்த ஊரில் நிலம் வாங்கிக் குடியேறிய வருஷம் முழுக்க நசுங்கிய கீரைதான் சந்தைக்குப் போனது.

காரணம் கோழிப்பண்ணைக்காரி. எங்களுக்குப் பிறகு வந்த குடும்பம். வாய்க்காலில் எங்களுக்கு அடுத்த மடை அவர்களுடையது. வந்த சூட்டிலேயே அவள் சர்ச்சில், சபையின் பாடகர் குழுவில் இடம் பிடித்துவிட்டாள். பழைய ஊர்ச் சபையில் பாட்டை எடுத்துக் கொடுத்தவள் என் அம்மா. இங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் நின்று பாடுகிறவளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து மொளச்சது. அதுக்கு முன்வரிசை,” என்றாள் வீடு திரும்பும்போது.

“நல்லாத்தானே பாடுது அந்தப் பொண்ணு,” என்றார் அப்பா. எங்கே வாயைத் திறக்கக் கூடாதென்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

“பாடுதா? கொக்கரிக்குது. பண்ணையில கத்துக்கிட்டது.”

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். போதகரம்மா வந்தால் கண்ணில் படட்டும் என்று என் பட்டமளிப்புப் படத்தை அம்மா வாசலுக்கு நேரே மாட்டியிருந்தாள். போதகரம்மா கோழிப்பண்ணை வீடுவரை வந்து, அப்படியே திரும்பிப் போய்விட்டார். அன்று கட்டிய கீரை மாட்டுக்குத்தான் ஆனது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அம்மா சந்தையில் தையல்காரம்மாவை மடக்கினாள். பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர்தான்.

“நாங்கள்லாம் உங்க கண்ணுக்கே தெரியலையாக்கா?”

“எங்க தெரியுறது? ஆசீர்வாதம் முடிஞ்சு கண்ணத் தொறந்தா உங்க பெஞ்சு காலியா கெடக்கு. ஒத்திகையே அதுக்கப்புறந்தான். ஒரு டீ குடிக்கக்கூட நிக்க மாட்டேங்கிறீங்க. எங்களப் புடிக்கலையோன்னு நெனச்சிட்டோம்.”

வாய்க்காலில் ஞாயிறு முற்பகல், ஆராதனை முடிகிற நேரத்தில், எங்கள் முறைத் தண்ணீர். கீரைப் பாத்திகளுக்கு மாற்றி மாற்றித் திருப்பிவிட மூன்று பேரும் வேண்டும். தாமதித்தால் தண்ணீர் நமக்கில்லை. ஆமென் அடங்குவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவோம். அது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

முறையை மாற்றிக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. திங்கட்கிழமைத் தண்ணீர் கோழிப்பண்ணைக்காரியுடையது.

அம்மா களையே இல்லாத பாத்தியில் வெகுநேரம் களை பிடுங்கினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வரப்பேறினாள். நானும் பின்னால் போனேன்.

“ஏம்மா, ஞாயித்துக்கெழமத் தண்ணிய நீ எடுத்துக்கிட்டு திங்கக்கெழமைய எங்களுக்குத் தர்றியா?”

“அப்ப நான் ஒத்திகைக்குப் போக வேணாமாக்கா?”

“நீ எதுக்கு? கோழித் தீனிக்குப் போட்ட சோளத்துக்குத் தொறந்து விட்டா தானாப் பாயுது. ஒரு ஆளு போதும். உன் வீட்டுக்காரரு சர்ச்சுக்குத் தூங்கத்தானே வர்றாரு.”

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளோ சிரித்துவிட்டாள். “அதுவும் சரிதான். குறட்டைச் சத்தமாச்சும் கொறையும். ஆனா அக்கா, அங்க முன்வரிசையில எடமில்ல.”

“எனக்கென்ன, எங்க நின்னாலும் கேக்கும்.”

அடுத்த ஞாயிறு தையல்காரம்மா அம்மாவைப் பின்வரிசையில், சரியாகக் கோழிப்பண்ணைக்காரிக்குப் பின்னால் நிறுத்தினார். அம்மா அவள் தலைக்கு மேலே பாடினாள். அவளும் விடவில்லை. கூரை தாங்கியது பெரிய விஷயம்.

“அவ கொரலு நெசமாவே நல்லாத்தாண்டா இருக்கு,” என்றாள் அம்மா என்னிடம், கஷாயம் குடித்த முகத்தோடு.

பிறகு டீ வந்தது. மற்றவர்கள் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அம்மா நகரவில்லை. கோழிப்பண்ணைக்காரி முதலில் கிளம்பட்டும் என்று கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அவளோ கிளம்பாமல் ஒரு துணியை எடுத்து, கழுவிய கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.