பொதட்டூர்பேட்டை ஏரியில் சட் பூஜை

அப்பா பீகாரிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கு விசைத்தறி ஓட்ட வந்தார். பின்னாலேயே அம்மாவும் நானும் வந்தோம். தறி ஓடும் வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை. வீட்டுக்கார அம்மா, தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் அறையில் போஜ்புரி, அவர்கள் கூடத்தில் தெலுங்கு, தெருவில் தமிழ். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்ததால் நான்தான் அம்மாவுக்கு வாய்.

தீபாவளிக்குப் பிறகு சூரியனுக்குச் செய்யும் சட் பூஜைக்கு அம்மா ஆண்டுதோறும் ஊருக்கு ரயிலேறிவிடுவார். தண்ணீரில் நின்று, மாலையில் மறைகிற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் படைக்க வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. தம்பி வயிற்றிலிருந்த ஆண்டு, ரயில் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அடுப்பருகே உட்கார்ந்து அழுவதை வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்கு அழுவுறாங்க உங்கம்மா?"

சொன்னேன்.

"நம்ம ஏரியில தண்ணி இல்லியா? இன்னா இன்னா வேணும்னு கேளு."

கரும்பு, தேங்காய், வாழைத்தார், புது முறம். எல்லாமே இந்த ஊரில் கிடைப்பவை என்பது அம்மாவுக்கே அப்போதுதான் உறைத்தது. கோதுமை மாவில் வெல்லம் பிசைந்து, நெய்யில் பொரித்து டேக்குவாவும் செய்துகொண்டார்.

மாலைப் பூஜை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் ஐப்பசி மேகம் வானத்தை மூடிக்கொண்டு தூறியது. அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் முறத்தை ஏந்தி, கிழக்கே பார்த்து நின்றார். சூரியன் தெரியாமல் பாலை ஊற்றிப் படைக்க மாட்டாராம். அப்பா கூப்பிட்டும் வரவில்லை. துணி துவைக்க வந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். எனக்கு பயமாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேகம் இன்னிக்கு விலகாதும்மா. வெளுத்துகினு வருது பாரு. அவரு வந்துட்டாரு, நமக்குத்தான் தெரியல. ஊத்திடு."

நான் கரையிலிருந்து போஜ்புரியில் உரக்கச் சொன்னேன். அம்மா வெளுத்து வந்த மேகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பாலை ஊற்றினார். கரையேறியதும் முதல் டேக்குவாவை வீட்டுக்கார அம்மாவின் கையில் வைத்து, காலைத் தொடப் போனார்.

"வயித்துப் புள்ளக்காரி, குனியாத" என்று அவர் பின்வாங்கினார்.

தம்பி மாசியில் பிறந்தான். முதல் முடியை கங்கைக் கரையில் எடுப்பது எங்கள் வழக்கம். அப்பா திருத்தணி மலையில் எடுக்கலாம் என்றார். மலைமேல் இருப்பவரும் சிவனுடைய பிள்ளைதானே என்றார். அம்மா மறுப்பார் என்று நினைத்தேன். சரி என்றுவிட்டார். ஊரிலிருந்த தாத்தா மட்டும், கங்கையை விட்டு வேறெங்கோ முடி எடுப்பதா என்று கோபித்துப் போனை வைத்துவிட்டார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய தம்பியின் படத்தை அவருக்கு அனுப்பினோம். மாலையில் பதில் வந்தது. பிள்ளையை வெயிலில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், ஒரு தொப்பி வாங்கிப் போடுங்கள் என்றிருந்தது.