கொழுந்தன் போட்டுக்கொடுத்த லினக்ஸ்

எம்பிராய்டரி அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். வீட்டு முன்னறையில் ஆறு ஊசி போட்ட எம்பிராய்டரி மெஷின், பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவில் சக்கரம் வைத்த ஓர் ஆபீஸ் நாற்காலியில் அவள். பள்ளிக்கூடச் சின்னம், ஓட்டல் பணியாளர்களின் பெயர், கால்பந்துக் குழுவின் பனியன் என்று பதினொரு வருடமாகத் தைக்கிறாள். ஊசி முறியப்போவதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவளுடைய கொழுந்தன் விவரமானவர். நன்றாக ஓடுகிற எதையும் அப்படியே விட மனம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே, அவள் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டார்.

"இனிமே வைரஸே வராது அண்ணி" என்றார்.

சொன்னது பலித்தது. வைரஸ் வரவில்லை. பிரிண்டரும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. டிசைனைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருக முடிந்ததால் அவளும் வாயைத் திறக்கவில்லை; திறக்காத டிசைன் வந்தால் ஓரமாக ஒதுக்கிவைத்தாள்.

பல மாதம் கழித்து ஒருநாள் காலை பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் டிசைன் அனுப்பினார். அறுபது பனியன், மறுநாள் போட்டி. கோப்பு திறக்க மறுத்தது. கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, டிசைன் திறக்கமாட்டேங்குது. பேருக்குக் கடைசியில ரார்னு இருக்கு."

துக்கச் செய்தி கேட்டவர்போல அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கோப்பைச் சுருக்கிக் கட்டுற வழிதான் ரார், ஆனா அது தனியார் சொத்து அண்ணி. எல்லாருக்கும் பொதுவா சிப்னு ஒண்ணு இருக்கு, அதுல கட்டி அனுப்பச் சொல்லுங்க."

"அவர் மைதானத்துல நிக்கிறார். போனை எடுக்கலை."

"அதைப் பிரிக்கத்தான் அன்ரார்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கேனே."

போட்டுத்தான் வைத்திருந்தார். அது கோப்பின் பெயரைப் பார்த்ததும் கும்பிடு போட்டு ஒதுங்கிவிட்டது. அதன்பின் இருபத்தைந்து நிமிடம், மென்பொருளுக்கு ஏன் சுதந்திரம் வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்து மாற்ற ஏன் விட வேண்டும் என்று கொழுந்தன் விளக்கினார். அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஆறு ஊசிக்கும் நூல் கோத்து முடித்தாள்.

"அப்ப இது திறக்குமா, திறக்காதா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணி."

"சரி தம்பி, வெச்சிடறேன்."

இணையத்தில் தேடியதும் விஷயம் விளங்கியது. அன்ரார் என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று சுதந்திரமானது, புதுவகைக் கோப்பைத் திறக்காது. இன்னொன்று சுதந்திரம் இல்லாதது, திறக்கும். கொழுந்தன் எதைப் போட்டிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைப் போட, மென்பொருள் எங்கிருந்தெல்லாம் வரலாம் என்ற பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும்.

பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள்; திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டதென்று தட்டித் தட்டிப் பார்த்தாள். அது அப்படித்தான், காட்டாமலே வாங்கிக்கொள்ளும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அடுத்து எழுத்துப்பிழை. அப்படி ஒரு மென்பொருள் பொதியே இல்லை என்றது. மூன்றாம் முறை வரிகள் சரசரவென்று ஓடி நின்றன. கையோடு, வேறுவகைக் கட்டுகளைப் பிரிக்கும் செவன்-சிப்பையும் போட்டுவைத்தாள். யார் எதில் கட்டி அனுப்புவார்களோ.

கோப்பு திறந்தது. உள்ளே ஒரு கழுகு, வாத்துச் சாயலில். அவளுக்கென்ன, அறுபதையும் தைத்தாள். சாயங்காலம் வந்த ஆசிரியர், கழுகு கம்பீரமாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிப்போனார்.

அடுத்த வாரம் வந்த கொழுந்தன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அந்தச் சுதந்திரமில்லாத அன்ராரைப் பார்த்து முகம் வாடினார்.

"இதை யார் போட்டது அண்ணி?"

"நான்தான்."

"எடுத்துடட்டுமா?"

"தாராளமா எடுங்க. அடுத்த ஆர்டரை நீங்க கையால தைச்சுக் குடுத்துடுங்க."

அவள் கணவர் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் உட்கார்ந்து, பல மாதமாகத் திறக்காமல் ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த பழைய டிசைன்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். பதினேழு இருந்தன. அவற்றில் நான்கு நன்றாகவே இருந்தன.