இணைச்சீர் வாரத்தில் ஒரு பந்தயம்

ஆஸ்திரியாவில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தாலும் கடவுள் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறார்கள். "க்ரூஸ் காட்" என்பார் கடைக்காரம்மா. இத்தனை வருடம் நானும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தை மாதத்திலிருந்து நாக்கு கூசுகிறது. சாமியிடம் நான் கேட்டது அப்படி.

என் கணவர் இங்கே பனிச்சறுக்கு வீரர்களுக்கு உள்ளாடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். திருப்பூரில் கற்ற தொழில்தான். மகள் கார்த்திகா குழந்தையாக வந்தவள். பள்ளிப் பிள்ளைகளோடு விளையாட்டாக மலையேறியவள், கொடிக்கம்பங்களுக்கு நடுவே பனியில் சறுக்கி வளைந்து வளைந்து இறங்கும் பந்தயங்களில் கோப்பைகளாகக் கொண்டுவந்து வீட்டை அடைத்தாள். அடிவாரத்தில் நான் நிற்காமல் அவள் ஒரு பந்தயத்திலும் இறங்கியதில்லை. பெருமாநல்லூரில் என் தம்பி செந்தில் அவள் போட்டோவைத் தன் பனியன் கம்பெனியில் மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "இது எங்கக்கா மகளுங்க" என்று பீற்றிக்கொள்வான். ஐஸ் பெட்டிக்கு வெளியே பனியைப் பார்த்திராத ஆள்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் நடக்கும். கூறைப்புடவையின் ஒரு முனை மாப்பிள்ளையிடமும் மறுமுனை உடன்பிறந்தவளிடமும் இருக்க, இருவரையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்யும் சீர். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். முகூர்த்தமோ, கார்த்திகாவைத் தேசிய அணிக்குத் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் வந்து விழுந்தது. முதல் பந்தயத்திலேயே தோற்றால் அவளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். ஜெயித்தால் வாரம் முழுக்க இங்கேதான்.

அன்று அடிவாரத்தில் நின்றுகொண்டு, "முருகா, இன்னைக்கு இவ தோத்துரட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் கேட்கிற வரமா அது? பாதிச் சரிவில் அவள் கம்பத்தில் இடித்து, உருண்டு, ஓரத்து வலைக்குள் போய் விழுந்தாள். முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய பயிற்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுகைக்கு நடுவே, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "நான் பிரார்த்தனை செய்தேன்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "நாங்கள் எல்லோரும்தான் செய்தோம்" என்றார். என்னவென்று வேண்டினேன் என்பதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த காப்பியை வெட்கமில்லாமல் குடித்தேன்.

கல்யாணத்தன்று கார்த்திகாவின் கட்டிலருகே இருந்தபோது செந்தில் செல்போனில் கூப்பிட்டான். பின்னால் மேளச்சத்தம்.

"பெரியப்பா ஊட்டுப் புள்ள இணைச்சீருக்கு ஒக்காந்துக்கிச்சுக்கா. நீ வெசனப்படாத. கார்த்திகா கண்ணுக்குக் காலு செரியாகோணும், அதான் முக்கியம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனைக் காதிலிருந்து இறக்கினேன். அதற்குள் கார்த்திகா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மறுபடியும் பந்தயத்துல எறங்க முடியுமான்னு டாக்டருக்கே தெரியலையாமா. நீ முருகன்கிட்ட கேளும்மா. நீ கேட்டா அவரு குடுப்பாரு."

"கேக்கறேன் கண்ணு" என்றேன். ஒரு கையில் போன், மேளம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மறு கையை அவள் விடவில்லை. கும்பிடுவதற்கு எனக்குக் கை ஒழியவில்லை.