முன்னறையில் ஒரு வீடியோ கேம் மெஷின்

அந்த மெஷினை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் பொறாமை. இதை என் கணவரிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. "பழைய சாமான், சும்மா சரிபண்ணிப் பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற, ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிற நாற்பத்தேழு வயதுக்காரி சொன்னதை அவர் நம்பியதுதான் ஆச்சரியம்.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிட ஒரு வயது இளையவன். நாங்கள் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வீடியோ கேம் கடை திறந்தார்கள். டியூஷனுக்கு என்று கிளம்புகிற தம்பி அங்கேதான் போவான். ஒருநாள் வீட்டுக்கு விருந்தாட்கள் வந்துவிட, அம்மா அவனைக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். டியூஷனில் அவன் இல்லை. எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

மாடிக்கு ஏறிப் போனேன். இருட்டான அறை. ஒரு மெஷினைச் சுற்றிப் பதினைந்து பையன்கள் நின்றார்கள். நடுவில் என் தம்பி. திரையில் ஒரு சின்ன விமானம் அவன் கைக்கு வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவள் நான். கார்டில் அப்பா கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார், அவ்வளவுதான். என்னைச் சுற்றி யாரும் இப்படி நின்றதில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு இங்கன என்ன சோலி? கீழ போயி நில்லு" என்றார். பையன்கள் சிரித்தார்கள். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீட்டு ஜெபம் முடிந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா பெல்ட்டை எடுத்தார். அதோடு தம்பிக்கு அந்தக் கடை நின்றுபோனது. டியூஷனில் கூடப் படித்த ஒருவன்தான் காட்டிக் கொடுத்தான் என்று தம்பி தானாகவே முடிவு செய்துகொண்டான். மறுநாள் தெருவில் அவனை அடித்து ஒரு பல்லை உடைத்தான். அவர்கள் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாற்காலி பார்க்க மேலப்பாளையத்தில் ஒரு பந்தல் கடை குடோனுக்குப் போயிருந்தேன். பெரிய அண்டாக்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டி நின்றது. அதே மெஷினா, தெரியாது. அதே மாதிரி. என் கண் அதிலேயே இருப்பதைப் பார்த்து கடைக்கார அண்ணாச்சி, "அது எலிக்கு வீடுலா டீச்சர். வேணும்னா எடுத்துக்கிடுங்க, எனக்கு எடமாவது மிஞ்சும்" என்றார்.

லோடு ஆட்டோவில் ஏற்றி வரும்போதே மனசுக்குள் ஒரு காட்சியை ஓட்டிவிட்டேன். டிசம்பரில் தம்பி மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு வருவான். என் வீட்டில், என் மெஷினுக்கு முன்னால் நின்று, "எக்கா, நான் ஆடட்டுமா?" என்று கேட்பான். நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிற்பேன்.

பின்பலகையைக் கழற்றியபோது எலிப்புழுக்கை இரண்டு முறம் வந்தது. அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. முன்னறையில் பத்தமடைப் பாயை விரித்துப் பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்தோம். அடுத்த பத்து மாதம் விருந்தாட்களுக்கு நாற்காலி போட இடமில்லை. "ஏட்டி, யாரும் பிரேதம்னு நெனச்சிரப் போறாங்க" என்பார் கணவர்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்த வீடியோக்கள்தான். அதில் எல்லாரும் ஒரே எச்சரிக்கையைச் சொன்னார்கள்: பிக்சர் டியூபைத் தொடாதே. டவுணில் தெற்கு ரத வீதிப் பக்கம் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் இருந்தார். இப்போது மிக்ஸிதான் பார்க்கிறார். அவரிடம் போனேன். "கரண்ட எடுத்தாலும் டியூபுக்குள்ள உசுரு கெடக்கும் டீச்சர். தெரியாமத் தொட்டா தூக்கி அடிச்சிரும். அத எங்கிட்ட விட்டிருங்க" என்றார். ஒரு சனிக்கிழமை வந்து, வயர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரை டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். "செத்துட்டு. இனி நீங்க பாத்துக்கிடலாம்" என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

மற்றதை நான் செய்தேன். ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் போட்டோ எடுத்தேன். நம்பர் எழுதி ஒட்டினேன். ஈயம் உருக்கி ஒட்டுவதற்குப் பழகுமுன் இடது கையில் மூன்று இடத்தில் சுட்டுக்கொண்டேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது பிள்ளைகள் என் விரல்களைப் பார்த்துக் கிசுகிசுப்பார்கள். பவர் சப்ளையில் புது கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றி வைத்துவிட்டேன், கூட்டல் பக்கம் கழித்தல். சுவிட்சைப் போட்டதும் அது பட்டாசு மாதிரி வெடித்து வீடெல்லாம் புகை. கணவர் இடுப்பில் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தார். கூட்டல் கழித்தலில் தப்பு செய்தேன் என்று ஒரு கணக்கு டீச்சர் யாரிடம் சொல்வது?

கைவிட்டுவிடலாம் என்று பல தடவை தோன்றியது. அப்போதெல்லாம் தம்பி போனில் அனுப்புகிற படங்களைப் பார்ப்பேன். கடற்கரை, புதுக் கார், அவன் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற நண்பர்கள். எப்போதும் அவனைச் சுற்றி ஆட்கள். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டேன். திரையில் படம் வந்தது. தலைகீழாக. வானம் கீழே, கடல் மேலே, விமானம் மல்லாந்து பறந்தது. டியூபின் கழுத்திலிருந்து வருகிற இரண்டு வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சரிசெய்யப் பத்து நிமிஷம்தான். ஆனால் நான் அரைமணி நேரம் அந்தத் தலைகீழ்ப் படத்தையே பார்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

ஒரே சிக்கல், எனக்கு ஆடத் தெரியவில்லை. பள்ளி விட்டு வந்து தினமும் பழகினேன். இரண்டாம் கட்டத்துக்கு மேல் என் விமானம் ஒருநாளும் போனதில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு தம்பியும் அவன் மனைவியும் மகளும் வந்தார்கள். மெஷின் துடைத்துப் பளபளவென்று நின்றது. தம்பி செருப்பைக் கழற்றியதும் அதைப் பார்த்துவிட்டான்.

"ஏ, இது எங்கன கெடச்சுது!" என்றவன் பதிலுக்கு நிற்கவில்லை. கேட்கவும் இல்லை. நேரே போய்க் கையை வைத்துவிட்டான்.

முப்பது வருஷத்துக்கு மேலாக அதைத் தொடாத கை. முதல் விமானம் மட்டும் விழுந்தது. அப்புறம் அவன் விரல்கள் எல்லாவற்றையும் நினைவுபடுத்திக்கொண்டன. இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், நான் பார்த்தே இராத நான்காம் கட்டம். அதில் பாலைவனம் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவன் மகள் கைதட்டினாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். பத்து மாதம் என்னைக் கேலி செய்த என் கணவர், "அடிலே மாப்ள, அந்தா வாரான் பாரு!" என்று கத்தினார்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "நல்ல கண்டிஷன்ல கெடச்சிருக்குக்கா. ஒனக்கு லக்குதான்."

லக்கு. பக்கத்து அறைக்குப் போனேன். மெஷினுக்கான சுவிட்ச் அங்கே இருந்தது. அணைத்தேன்.

"ஐயோ!" என்று முன்னறையில் ஒரே சத்தம். நான் வாசலில் வந்து நின்று, "கரண்டு போயிட்டு" என்றேன்.

தம்பி மகள் மேலே பார்த்தாள். "அத்தை, ஃபேன் ஓடுதே."

எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கொல்லைக்குப் போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் தம்பி பின்னால் வந்து நின்றான். "என்னக்கா ஆச்சு ஒனக்கு?"

"கண்டிஷன்ல கெடைக்கலலே. எலியும் கரையானும் கெடந்த பெட்டி அது. ஒவ்வொரு வயரும் நான் வச்சது." கையை நீட்டித் தழும்புகளைக் காட்டினேன். "நீ வந்த ஒடனே ஆடுத. எல்லாரும் ஒன்னச் சுத்தி நிக்காங்க. அன்னைக்கும் அப்படித்தான்."

"என்னைக்கு?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்பாட்ட சொன்னது நாந்தாம்லே. அவன் இல்ல."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகம் மாறியது. "அவன் பல்ல ஒடச்சேனேக்கா" என்றான். "அதுக்கப்புறம் அவன் வீட்டுப் பக்கமே நான் போகல. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"நீ கேட்டிருந்தா ஒன்னயும் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றான். உள்ளே போய்விட்டான். கூட்டிப் போயிருக்க மாட்டான். அது அவனுக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலில் ஒரே பெஞ்சில் இருந்தோம், பேசவில்லை. மறுநாள் காலையில் தம்பி யாரிடமோ விசாரித்துக்கொண்டு சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறினான். அந்தப் பழைய சிநேகிதன் அங்கே உரக்கடை வைத்திருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தவன் சாப்பிடும்போது தானாகவே பேச்செடுத்தான்.

"நான் மன்னிப்புக் கேட்டா அவன் சிரிக்கான். 'நீ அடிச்சது மாங்காய்க்குன்னுல்லா நெனச்சேன்' அப்படிங்கான். எங்க வீட்டு மரத்துல திருடியிருக்கான் போல. அதுக்குத்தான் அடின்னு இத்தன வருசமா நெனச்சிருக்கான்."

என் கணவருக்குப் புரையேறிவிட்டது. தம்பியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாங்காய்க்கு யாரும் பல்லை உடைக்க மாட்டார்கள். ஒரு பல்லும் ஒரு சிநேகிதமும் என் கணக்கில்தான் இருந்தன.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவன் மெஷினுக்கு முன்னால் போய் நின்றான். தொடவில்லை. "எக்கா, ஆடட்டுமா?" என்றான். நான் காத்திருந்த கேள்விதான். பொய் சொல்ல மாட்டேன், கேட்கப் பிடித்திருந்தது. ஆனால் யோசிக்கிற மாதிரி நிற்க வரவில்லை. "ஆடுலே" என்றேன். அவன் ஆட, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

ஏப்ரலில் மஸ்கட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினான். அவனும் ஒரு மெஷின் வாங்கிவிட்டான். ஜப்பானில் செய்த அசல் பெட்டி, பக்கவாட்டில் படமெல்லாம் அப்படியே இருக்கிறது. யாரோ கடையில் சரிசெய்து விற்றிருக்கிறார்கள். என்னுடையது பக்கத்தில் நின்றால் ரேஷன் கடைப் பெட்டி மாதிரி இருக்கும். அன்று வகுப்பில் காரணமில்லாமல் பிள்ளைகளை ஏசினேன்.

மே மாதம் ஒரு சாயங்காலம் போன் செய்தான். "எக்கா, படம் லேசா ஆடுது. மேல கீழ நடுங்குது. சூடானா சரியாயிருது. என்னவா இருக்கும்?"

என்னவென்று எனக்குத் தெரியும். பழைய கெப்பாசிட்டர் ஒன்று உலர்ந்துபோயிருக்கும். என் மெஷினில் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

"தெரியலியேலே" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன். அப்புறம் நானே கூப்பிட்டேன். "பின்பலகைய நீ தொட்டுராத. டியூபுக்குள்ள உசுரு இருக்கும். டிவி பாக்குற ஆள ஒருத்தரக் கூப்பிட்டு, போன அவர்ட்ட குடு. நான் சொல்லுதேன்" என்றேன்.