அளக்காமல் எழுதியது

நீலா பிரசவ வார்டு நர்சாகி இருபத்தோரு வருஷம் ஆகிறது. மராத்தி பேசும் ஊரான கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கும் மாமனாருக்கும் கணவர் ஜெகதீசனுக்கும் அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலைதான் சோறு போட்டது. வீட்டில் திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழ், வார்டில் மராத்தியும் இந்தியும். விமான் நகரிலிருந்து ஐ.டி. வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் பிரசவத்துக்கு வரத் தொடங்கிய பிறகு வார்டிலும் தமிழுக்கு வேலை வந்தது. வலியில் துடிக்கிற பெண்ணிடம், "மூச்சை இழுத்து விடும்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவள் சொன்னால் அந்தப் பெண் அவள் கையை விடமாட்டாள். குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை என்றால் டாக்டர்களே, "நீலா சிஸ்டரைக் கூப்பிடுங்கள்" என்பார்கள்.

ஸ்ரீவித்யாவும் அப்படித்தான் அவளிடம் ஒட்டிக்கொண்டாள். கோயம்புத்தூர்ப் பெண், முதல் பிரசவம், பெண் குழந்தை. கூட இருக்க அவளுடைய அம்மா சியாமளா ஊரிலிருந்து வந்திருந்தார். பிரசவமான மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது.

அன்றைக்கென்று இரண்டு நர்சுகள் காய்ச்சலில் வரவில்லை. பதினான்கு கட்டிலுக்கு நீலா ஒருத்திதான். அவள் ஸ்ரீவித்யாவிடம் வந்தபோது, "தலை ஒரே கனமா இருக்கு சிஸ்டர்" என்றாள் அந்தப் பெண்.

"ராத்திரி தூங்கினியா?"

"எங்க தூங்கறது? இவ விட்டாத்தானே."

"அதான் காரணம். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு, சரியாயிடும்."

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை யாரோ பிரசவ அறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, நீலா கேஸ் தாளில் நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினாள். முந்தின நாளும் அதே அளவுதான் இருந்தது. அப்போது ஆறாம் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு உதிரப்போக்கு அதிகம் என்று ஆயா வந்து கூப்பிட்டாள். நீலா ஓடினாள். அந்தப் பெண்ணின் வயிற்றை அழுத்திக் கருப்பையைச் சுருங்க வைத்து, ஊசி போட்டு, ரத்தம் நின்ற பிறகு நிமிர்ந்தபோது மணி பதினொன்று. ஸ்ரீவித்யாவின் கணவன் கோகுல்நாத் காரைக் கொண்டுவந்துவிட்டான். குழந்தையை வாசல்வரை தூக்கிப்போய்க் கொடுத்தவளே நீலாதான். கருவி அவள் நினைவிலேயே இல்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீவித்யாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், கண்ணுக்கு முன்னால் ஏதோ மின்னுகிறது என்றாளாம். சொல்லி முடிப்பதற்குள் வலிப்பு. குழந்தையைப் பிடுங்கிக்கொள்ள நேரமில்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சியாமளா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. வலிப்பை நிறுத்தும் மருந்தை நீலாதான் ஊசியில் ஏற்றினாள். அது பழகிய கை. டாக்டர் பழைய தாளைப் புரட்டிவிட்டு, "போகும்போது நார்மலாகத்தானே இருந்திருக்கிறது, இதை யாராலும் கணித்திருக்க முடியாது" என்று கோகுல்நாத்திடம் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கருவி நினைவுக்கு வந்தது.

ஸ்ரீவித்யா இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். அந்த இரண்டு நாளும் நீலா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தாள். மூன்றாம் நாள் ஜெகதீசன் தட்டை நகர்த்திவிட்டு, "என்னா ஆச்சு, சொல்லு" என்றார். சொன்னாள்.

"வேணும்னேவா பண்ண? ஒருத்தியா கிடந்து அல்லாடிட்டிருந்த."

"அளந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப நார்மலாவே இருந்திருந்தா?"

அவளைத் தின்றது அந்தக் கேள்விதான். அந்தக் காலையில் அழுத்தம் ஏறியிருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இல்லை என்று தன்னை நம்பவைத்துக்கொள்ள ஒரு தாள் இருந்தது. அதை எழுதியவள் அவள்.

மறுநாள் காலையில் மேட்ரன் அறைக்குப் போனாள். மேட்ரன் கதவைச் சாத்திவிட்டு இந்தியில் தணிந்த குரலில் பேசினார். பெண் பிழைத்துவிட்டாள், குழந்தை நன்றாக இருக்கிறது, இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம், இத்தனை வருஷப் பேரைக் கெடுத்துக்கொள்ளாதே. நீலாவுக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை. முந்தின நாள்வரை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான் அது. ஆனாலும் வேறு தாள் வாங்கி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தாள். பிறகு ஸ்ரீவித்யாவை மாற்றியிருந்த அறைக்கு மாடியேறினாள்.

ஸ்ரீவித்யா தலையணையில் சாய்ந்திருந்தாள். பார்வை இன்னும் மங்கலாக இருந்ததால் யார் வருவது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீலா சிஸ்டர்ம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலையில உனக்கு நான் பி.பி. பார்க்கல. பார்த்த மாதிரி எழுதிட்டேன்."

ஸ்ரீவித்யா தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தலை கனமா இருக்குன்னு சொன்னேன்ல சிஸ்டர்" என்றாள்.

"சொன்ன."

"நீங்க தமிழ்ல பேசுனதால, நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். வீட்ல அம்மா டாக்டருக்கு போன் பண்ணலாம்னப்பக்கூட, சிஸ்டரே சொல்லிட்டாங்கன்னு நான்தான் வேண்டாம்னேன்."

மடியில் குழந்தையோடு இருந்த சியாமளா எழுந்து நின்றார். "ஏனுங்க, எம்பொண்ணு செத்திருந்தா அப்பவும் வந்து சொல்லியிருப்பீங்களா?"

தெரியவில்லை என்று நீலா சொன்னாள். "வெளிய போங்க" என்றார் சியாமளா.

மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம். கோகுல்நாத் எழுத்தில் கொடுத்த புகாருக்கும் அவள் எதையும் மறைக்காமல் பதில் எழுதினாள். ஆஸ்பத்திரியின் ஆள் பற்றாக்குறையையும் அதில் குறிப்பிடு என்று ஜெகதீசன் சொன்னார். குறிப்பிட்டாள், கடைசி வரியில். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். தங்கள் தாள்களையும் யாராவது தோண்டிவிடுவார்களோ என்ற பயம்.

தண்டனை முடிந்ததும் வார்டு கிடைக்கவில்லை. தடுப்பூசிப் பிரிவில் போட்டார்கள். வந்த முதல் வாரமே ஸ்ரீவித்யா குழந்தையோடு வரிசையில் நின்றிருந்தாள். மூக்கில் புதிதாக ஒரு கண்ணாடி. அவள் முறை வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற யாராச்சும் போடட்டும் சிஸ்டர்" என்றாள் ஸ்ரீவித்யா. குரலில் கோபமில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்து சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. ஆனா என்னால முடியல."

"சரிம்மா" என்று நீலா எழுந்து, பக்கத்து மேஜையில் இருந்த நர்சைத் தன் இடத்தில் உட்காரச் சொன்னாள். குழந்தை வீரிட்டு அழுதது. நன்றாகச் சதைபிடித்திருந்தது. நீலா அந்த நர்சின் மேஜையில் உட்கார்ந்து, அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.