ஆகாயத்தாமரைக்கு முடி வெட்டியவள்

மூன்று தெருப் பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர்காரி கத்திரியக்காவுக்கு ஒரே ஒரு வியாதி. தொங்குகிற எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. திரைச்சீலை ஓரம், கணவரின் மீசை, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எதுவும் தப்பியதில்லை. பள்ளிக் கடைசி நாள் புகைப்படத்தில் மகளின் நெற்றி முடி புருவத்துக்கு மூன்று விரல் மேலே நிற்பதும் அக்காவின் கைங்கரியம்தான். அன்றிலிருந்து மகள் வேறு பார்லருக்குப் போகிறாள். ஊரே வரிசையில் வந்து தலையைக் கொடுக்க, பெற்ற பெண் மட்டும் வராதது அக்காவுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

வேலைப் பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் கிளம்பிய மகள், தன் மீன் தொட்டியை அம்மாவிடம் ஒப்படைத்தாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இதிலாவது அவளிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும்.

தொட்டியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே ஆகாயத்தாமரை மிதக்கும். மண் கேட்காது, உரம் கேட்காது. போட்ட இடத்தில் பத்தாகப் பெருகும்.

"பாதித் தண்ணி திறந்தே இருக்கணும், பெருகினா எடுத்துடு. இலை மேல தண்ணி தெறிச்சா அழுகிடும். வேரை மட்டும் தொடாதேம்மா. கப்பி மீன் குஞ்சு போட்டிருக்கு, இருபது இருக்கும். வேருக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. பெருசுங்க கண்ணுல பட்டா முழுங்கிடும்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தானே.

ஐந்து நாள் மகா ஒழுங்கு. தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் மிச்சமிருந்த ஒரு துண்டை வளையமாக்கி மிதக்கவிட்டு, செடிகளை அதற்குள் ஒதுக்கி, வகிடு எடுத்த மாதிரி வெளிச்சத்துக்கு வழி விட்டாள். உள்ளபடியே அழகு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆறாம் நாள் காலை கண்ணாடி வழியே பார்த்தாள். வேர்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை, நுனியெல்லாம் பிளவு. தொழில் தெரிந்தவள் எப்படிப் பொறுப்பாள்? நல்ல கத்திரியை எடுத்துவந்து, செடி செடியாகத் தூக்கி, சீப்பால் வாரி, ஒரே மட்டமாக நறுக்கினாள். பழக்கதோஷத்தில் கைக்கண்ணாடியைத் தொட்டிக்குப் பின்னால் பிடித்து, "எப்படி, போதுமா?" என்று வேறு கேட்டாள்.

பெரிய கப்பிகளுக்குப் பரம திருப்தி. மறுநாள் மாலை எண்ணிப் பார்த்தபோது குஞ்சு நாலுதான் இருந்தது.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "தானா செத்துப்போச்சுன்னு சொல்லு, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கணவர் யோசனை சொன்னார். மீதி மூன்று நாளும் அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தாள்.

மகள் வந்து, பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் குனிந்தாள். ஒத்திகையெல்லாம் காற்றில் போயிற்று.

"நான்தான்டி வெட்டினேன்." பிறகு, பார்லரில் கண்கலங்கும் பெண்களைத் தேற்றும் அதே குரலில், "வளர்ந்துடும்டி" என்றாள்.

"வேர் வளரும்மா."

மகள் கத்தியிருந்தால் அக்காவுக்குப் பதில் கைவசம் இருந்தது. அவள் கத்தவில்லை. ஒரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு, சின்ன வலையை எடுத்தாள்.

"நாலையும் தனியா மாத்தணும். நீ ஃபோன்ல வெளிச்சம் மட்டும் அடி. கை வெளியவே இருக்கட்டும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளிச்சம் அடித்தாள். நாலாவது குஞ்சும் பாத்திரத்துக்குப் போகும்வரை எதையும் தொடவில்லை.